ஆப்தனும் கூலியும்

ஒருவன் சொல்லும் சொல்லை ஏற்பதற்கு முன் அவனுக்குச் சோறு போட்டவன் யார் என்று விசாரிப்பது விவேகமா, அல்லது வாதத்திலே தோற்றவன் கையாளும் கடைசி உபாயமா என்னும் கேள்வி, ஏடுகளோடு கிடந்து உலர்ந்துபோன தர்க்க சாஸ்திர விவகாரம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஒஸ்லோவின் வடகிழக்கே, எழுபதுகளில் எழுந்த அடுக்குமாடிகளும் ஒரு சிறு புகையிரத நிலையமுமாக இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவில், நம்மவர் வீடொன்றில், பொதுச் சுகாதாரம் பயிலும் பெண்பிள்ளை ஒருத்தி அதை என் முன்னே வைத்தாள். நிக்கோட்டின் பொதிகளைப் பற்றிய ஆய்வொன்றில் உதவியாளராகச் சேர அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. பணம் தருவது அப்பொதிகளைச் செய்து விற்கும் நிறுவனமே. தாய்க்குச் சம்மதமில்லை. பிள்ளையோ என்னைப் பார்த்து, "மாமா, கணக்குச் சரியெண்டால் காசு ஆர் தந்தால் என்ன?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

அவளுடைய வாதம் இலேசானதன்று. உண்மைக்குத் தகப்பன் பெயர் கேட்பதில்லை; திருடன் சொன்னாலும் மழை பெய்தால் பெய்ததுதான். இந்த நாட்டின் அநுபவமே அவள் பக்கம் நின்று பேசக்கூடியது. நோர்வே 1973ஆம் ஆண்டிலே புகையிலைச் சட்டம் இயற்றி, 1975 ஜூலை முதலாம் தேதியிலிருந்து விளம்பரங்களை அடியோடு நிறுத்திய நாடு. அச்சட்டம் பிறந்த காலத்தில் ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் நாள்தோறும் புகைத்தார்கள். இன்றோ வளர்ந்தவர்களில் நாள்தோறும் புகைப்போர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்த இடத்திலே வந்து அமர்ந்திருப்பது மேலுதட்டின் அடியில் அடக்கிக்கொள்ளும் ஸ்னூஸ் என்னும் ஈரப் புகையிலை. கடையிலே மூடிய அலமாரிக்குள்ளிருந்து எடுத்துத் தரும் அந்த வட்ட டப்பாவுக்கு 2018 முதல் சொந்த நிறம் கிடையாது. எந்த நிறுவனத்தின் சரக்கானாலும் சேறும் பாசியும் கலந்தாற்போன்ற ஒரே மங்கல் வர்ணம், ஒரே எழுத்து, ஓர் எச்சரிக்கை. சப்பி முடித்த பொதியைப் போட்டுவைக்க மூடியிலே ஒரு சிறு குழி. யாழ்ப்பாணத்துக் கிழவர் கொட்டப்பெட்டியை எடுத்துவந்து இதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று இனம் கண்டுகொள்ளும்.

எரித்துப் புகைப்பதைவிட ஸ்னூஸ் குறைந்த தீங்கு செய்வது என்பதை மறுப்பது கடினம். ஜெனரல் என்னும் ஸ்வீடன் நாட்டு ஸ்னூஸின் மீது, சிகரெட்டை விட்டு முற்றாக இதற்கு மாறுபவருக்குச் சில நோய்களின் அபாயம் குறையும் என்று சொல்லி விற்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் அனுமதித்தது. அதற்கு விண்ணப்பித்தது ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனமேதான். அந்நிறுவனத்தை 2022இல் விலைக்கு வாங்கிக்கொண்டது மார்ல்பரோ சிகரெட்டை அமெரிக்காவுக்கு வெளியே உலகெங்கும் விற்கும் பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல். ஆக, வியாபாரி சொன்னது மெய்யாக இருக்கவும் கூடும், இருந்தும் இருக்கிறது. இதை ஒத்துக்கொள்ளாமல் மேலே பேசுவது நேர்மையாகாது.

ஆயினும் அந்தப் பிள்ளையின் கேள்வியில் ஒரு சொல் தன் பாரத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. "கணக்குச் சரியெண்டால்" என்கிறாளே, சரி என்பதைப் பார்ப்பவர் யார்? நையாயிகர் அறிவின் வாயில்களைப் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என நான்காக வகுத்தார்கள். நம் சைவசித்தாந்த சாத்திரமோ காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்கிற்று. ஆய்வுக்கூடத்திலே எலியின் சுவாசப்பையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது காண்டல். எண்களைக் கூட்டிக் கழித்து முடிவு காண்கிறவருக்கு அது கருதல். அந்த முடிவைச் சஞ்சிகையில் படிக்கும் வைத்தியருக்கும், வைத்தியர் சொல்லக் கேட்கும் நோயாளிக்கும், அதைப் பிள்ளையிடம் எடுத்துச் சொல்லும் ஹவுகன்ஸ்டுவாத் தாய்க்கும் அது உரை மாத்திரமே. விஞ்ஞானம் என்று நாம் மதித்து வணங்குவதில் பெரும்பகுதி நம்மவரில் எவருக்கும் காட்சியன்று, பிறர் வாய்ச்சொல். வாய்ச்சொல்லைச் சோதிக்கும் விதி காட்சியைச் சோதிக்கும் விதியன்று.

கௌதமரின் நியாய சூத்திரம் சப்தப் பிரமாணத்தை ஆப்தனுடைய உபதேசம் என்று வரையறுத்தது. அதற்கு உரை செய்த வாத்ஸ்யாயனர், பொருளை உள்ளபடி அறிந்தவனும், அறிந்தபடியே பிறருக்கு உரைக்க வேண்டும் என்னும் விருப்பத்தால் ஏவப்பட்டவனுமே ஆப்தன் என்று விளக்கிவிட்டு, இந்த இலட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொதுவானது என்றும் சேர்த்தார். குலத்தை அவர் கேட்கவில்லை. உரைக்கத் தூண்டிய விருப்பத்தைக் கேட்டார். அறிவு மட்டும் போதுமென்றிருந்தால் அந்த இரண்டாம் நிபந்தனைக்கு வேலையே இல்லை. கெட்டிக்காரப் பொய்யனைக் காட்டிலும் பொருளை நன்கு அறிந்தவன் வேறு யார்?

பிற்காலத்தார் உரைப்பவனிடம் காணத்தக்க தோஷங்களை நான்காக எண்ணினார்கள்: மயங்கி உணர்தல், அசட்டை, கருவிகளின் குறைபாடு, விப்ரலிப்ஸை என்னும் ஏமாற்ற விழையும் எண்ணம். இன்றைய விஞ்ஞான சபைகள் முதல் மூன்றுக்கும் அருமையான காவல் வைத்திருக்கின்றன. சக அறிஞர் பரிசீலிக்கிறார்கள்; சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள்; மருந்து எது, வெற்று மாத்திரை எது என்பதைக் கொடுப்பவருக்கும் தெரியாமல் கொள்பவருக்கும் தெரியாமல் மறைத்து வைக்கிறார்கள். (வேதம் யாராலும் செய்யப்படாதது, ஆகவே செய்தவனுடைய தோஷம் அதில் ஏற வழியில்லை என்று வாதித்த மீமாம்சகர் இந்த ஏற்பாட்டைக் கண்டிருந்தால், மனிதர் செய்த காரியத்துக்கு அபௌருஷேய அந்தஸ்துத் தேடும் சாமர்த்தியம் என்று ரசித்திருப்பார்கள்.) நான்காவது தோஷத்துக்கு மட்டும் இவை எவையும் காவலல்ல. பரிசீலிப்பவருக்கு எட்டுவது அவருக்கு அனுப்பப்பட்ட தாள். அனுப்பப்படாத தாள் எங்கே கிடக்கிறது என்பது அவருக்கு எட்டாது.

மீமாம்சகர் குமாரிலபட்டரின் வழியில் நின்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம்: எந்த அறிவும் பிறந்த மாத்திரத்தில் பிரமாணமே; பொய் என்று காட்டவேண்டிய பாரம் மறுப்பவனுடையது என்று. புகையிலைக் கம்பெனிகள் ஐம்பது வருஷம் வாதாடியது ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் குமாரிலரே அறிவின் பிரமாணத்தைத் தகர்ப்பவை இரண்டு என்பார்: அதற்கு விரோதமான வேறு அறிவு எழுவது ஒன்று, அது தோன்றிய இடத்தில் தோஷமுண்டு என அறிவது மற்றொன்று. இரண்டாவது கிடைத்துவிட்டபின் முதலாவதற்காகக் காத்திருக்கவேண்டியதில்லை.

அத்தோஷம் புகையிலை விஷயத்தில் ஊகமாக நிற்கவில்லை, எண்ணிக்கையாகவே கிடைத்தது. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதால் தீங்குண்டா என்பதைப் பற்றி எழுந்த 106 தொகுப்புக் கட்டுரைகளைத் திரட்டி, டெபோரா பார்ன்ஸ், லிசா பெரோ என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1998இல் அமெரிக்க மருத்துவ சங்கச் சஞ்சிகையில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தீங்கில்லை என்று முடித்தவை 39. அவற்றுள் 29 புகையிலைத் தொழிலோடு தொடர்புடையோர் எழுதியவை. கட்டுரையின் தரம், வெளிவந்த ஆண்டு, பரிசீலனைக்கு உட்பட்டதா இல்லையா என்பன எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபோது முடிவை முன்கூட்டிச் சொல்லவல்லதாக நின்றது ஒன்றே, எழுதியவரின் தொடர்பு.

இதைவிட நெருங்கிப் பார்க்கவேண்டிய ஒரு வழக்கும் உண்டு. அதன் ஒரு கால் ஒஸ்லோவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோத்தன்பெர்கில் இருக்கிறது. ராக்னார் ரிலாண்டர் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் மருத்துவப் பேராசிரியர். ஜெனீவாப் பல்கலைக்கழகத்திலும் பதவி வகித்தவர். பிறர் புகையைப் பற்றி மாநாடுகள் கூட்டினார், கட்டுரைகள் எழுதினார், சுதந்திரமான அறிஞர் என்றே மதிக்கப்பட்டார். இதற்கிடையில் பிலிப் மோரிஸ் கம்பெனி 1971இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இன்பிஃபோ என்னும் ஆய்வுக்கூடமொன்றைத் தன் சுவிஸ் கிளையின் பெயரில் வாங்கிக்கொண்டது. அந்தக் கூடத்துக்கும் அமெரிக்கத் தலைமையகத்துக்கும் இடையே தொடர்பாளராக இருந்தவர் இந்தப் பேராசிரியர். எரியும் சிகரெட்டின் நுனியிலிருந்து கிளம்பும் புகை, புகைப்பவன் உள்ளிழுக்கும் புகையைக் காட்டிலும் நச்சுத்தன்மை மிகுந்தது என்று 1980களில் அங்கே நடந்த சோதனைகள் காட்டின. அந்த முடிவுகள் வெளியிடப்படவில்லை. அமெரிக்க வழக்குகளின் விளைவாகக் கம்பெனிகளின் உள்தஸ்தாவேஜுகள் வெளிவந்தபின், ஜெனீவாவில் பாஸ்கால் டீத்தெல்ம், ஜான் ஷார்ல் ரியெல் என்னும் இருவர் 2001இல் அவற்றை எடுத்துக்காட்டி, இது முன்னொருபோதும் இல்லாத விஞ்ஞான மோசடி என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார்கள். பேராசிரியர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 2003 டிசம்பரில் ஜெனீவா மேல்நீதிமன்றம் அக்குற்றச்சாட்டு மெய்யானதே எனக் கண்டு, சொன்னவர்களை விடுவித்தது.

ஆனால் மோசடிக்காரரை மட்டும் நினைத்துக்கொண்டு இந்தப் பிரச்சினையை அணுகினால் அதன் ஆழம் தெரியாது. 1954 ஜனவரி 4ஆம் தேதி அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு பிரகடனம் வெளியிட்டு, உண்மையைக் கண்டறியத் தாங்களே ஓர் ஆராய்ச்சிக் குழு அமைப்பதாக உறுதி கூறின. கிளாரென்ஸ் குக் லிட்டில் என்னும் பேர்பெற்ற மரபியல் அறிஞர் அதன் விஞ்ஞானத் தலைவரானார். நாற்பது வருஷத்துக்கு மேல் அக்குழுவும் அதன் வழிவந்த சபையும் பணம் பகிர்ந்தன. பெற்றவர்களில் நோபெல் பரிசாளரும் உண்டு. அவர்கள் செய்ததில் பெரும்பகுதி நல்ல விஞ்ஞானமே. கலத்தின் இயல்பு, பரம்பரைக் கூறு, நோய்த்தடுப்பு ஆற்றல் என்று புற்றுநோயின் எல்லா வாசல்களும் தட்டப்பட்டன. சிகரெட் என்னும் வாசல் மட்டும் கூடுமானவரை தட்டப்படாமல் இருந்தது. ஒவ்வொரு கட்டுரையும் மெய், கட்டுரைகளின் கூட்டம் பொய். இங்கே ஆய்வு செய்தவர் எவரும் ஏமாற்ற விழைந்ததாகக்கூடச் சொல்ல முடியாது. விப்ரலிப்ஸை ஆய்வாளனிடம் இல்லை, கேள்வியைத் தெரிந்தெடுத்தவனிடம் இருந்தது. பழைய தார்க்கிகர் எண்ணிய நான்கு தோஷங்களோடு ஐந்தாவதாக இதை எழுதிச் சேர்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பாரதப் போர் தொடங்குமுன் தருமன் ஆயுதம் களைந்து எதிரணிக்குள் நடந்துபோய் பீஷ்மரை வணங்கும் கட்டத்தில், பிதாமகர் தாம் கௌரவரின் பொருளால் கட்டுண்டவர் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார். துரோணரும் கிருபரும் சல்லியனும் அதையே திரும்பச் சொல்கிறார்கள். அவர்களில் எவரும் தருமனிடம் பொய் பேசவில்லை; வெற்றி உன்னதாகுக என்று வாழ்த்துகிறார்கள். வாழ்த்திவிட்டுத் துரியோதனன் பக்கம் நின்று போர் செய்கிறார்கள். கூலி பெற்ற பேரறிஞனின் நிலை இதற்குமேல் துல்லியமாக எங்கும் சொல்லப்பட்டதாக நான் அறியேன். உள்ளே ஞானம் கெடவில்லை, நாவும் கெடவில்லை. வில் மட்டும் வேறு பக்கம் வளைந்தது.

நோர்வேக்கு இந்தக் கதையில் ஒரு நேரடிப் பங்கு உண்டு. இந்நாட்டின் முன்னாள் பிரதமர் குரூ ஹார்லம் புருண்ட்லாண்ட் 1998 முதல் 2003 வரை உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவராக இருந்தபோது, அந்த ஸ்தாபனத்துக்குள்ளேயே புகையிலைக் கம்பெனிகள் எவ்வாறு ஊடுருவின என்று ஆராய நிபுணர் குழுவொன்றை நியமித்தார். சுவிற்சர்லாந்தின் தோமஸ் செல்ட்னர் தலைமையிலான அக்குழு 2000இல் கொடுத்த அறிக்கை, பணம் பெற்றதை மறைத்துக்கொண்டு ஆலோசகராயிருந்த அறிஞர்களையும் வெளிப்படுத்தியது. 2003 மே மாதத்தில் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை நிறைவேறியது. அதற்கு முதன்முதல் இறுதி ஒப்புதல் அளித்த நாடு நோர்வே. அந்த வேலைகளிலெல்லாம் புருண்ட்லாண்டின் கீழ் முன்னணியில் நின்றவர் தென்னாப்பிரிக்க வைத்தியர் டெரெக் யாக். அதே யாக், 2017இல் புகையற்ற உலகுக்கான அறநிலையம் என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கித் தலைமை ஏற்றார். அதற்கு ஆண்டுக்கு எட்டுக் கோடி டாலர் வீதம் பன்னிரண்டு ஆண்டுகள் தருவதாக முன்வந்தது பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல். அமைப்பு அறிவிக்கப்பட்ட மாதமே உலக சுகாதார ஸ்தாபனம் தான் அதனோடு கூட்டுச் சேராது என்று அறிவித்தது. யாக் மனம் திரிந்து பகைவரிடம் போனார் என்று நான் எழுதமாட்டேன். புகைப்பவரைப் புகையில்லாத நிக்கோட்டினுக்கு மாற்றுவதே உயிர் காக்கும் வழி என்று அவர் மெய்யாகவே நம்பியிருக்கலாம். நம்பினார் என்றே வைத்துக்கொண்டாலும், அவரைக் கேட்பவர் அந்த நம்பிக்கையையும் எட்டுக் கோடியையும் பிரித்தறிய வழியில்லாமற் போயிற்று. ஆப்தனாயிருப்பது ஒன்று, ஆப்தன் என்று பிறர் அறியத்தக்க நிலையில் நிற்பது மற்றொன்று. இரண்டாவதை விற்றவன் முதலாவதைத் தன்னிடம் வைத்திருந்தும் பயனில்லை.

மின்சிகரெட் வந்தபின்னும் காரியம் மாறவில்லை. 2021இல் மின்சிகரெட் விற்கும் ஜூல் கம்பெனி, சுகாதார நடத்தை பற்றிய ஓர் அமெரிக்கச் சஞ்சிகையின் முழு இதழையும் தன் பணத்தில் நடந்த ஆய்வுகளால் நிரப்பி, அதற்கு 51,000 டாலர் கொடுத்தது. ஆசிரியர் குழுவில் மூவர் விலகினார்கள். இதற்கு இருபது வருஷம் முன்பே, நொட்டிங்ஹம் பல்கலைக்கழகம் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவிடம் 38 இலட்சம் பவுண் வாங்கிக்கொண்டு வர்த்தகரின் சமூகப் பொறுப்பு பற்றிய ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கியபோது, பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையின் ஆசிரியர் ரிச்சட் ஸ்மித் அங்கே தாம் வகித்த பேராசிரியப் பதவியைத் துறந்தார். சமூகப் பொறுப்பு! பெயரிட்டவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லையென்று சொல்ல முடியாது.

இவ்வளவும் பேசியபின், நம் சொந்த ஏடுகள் தானம் கொள்வதைப் பற்றி என்ன சொல்லின என்பதை நினையாமல் இருக்க முடியவில்லை. மனுநூலின் நான்காம் அத்தியாயத்தில், யாரிடம் பிரதிக்கிரகம் வாங்கலாகாது என்னும் இடத்தில் ஒரு விசித்திரமான கணக்கு வருகிறது: பத்துக் கொலைக்களங்களுக்கு ஒரு செக்கு சமம், பத்துச் செக்குக்கு ஒரு கள்ளுக்கடை, பத்துக் கள்ளுக்கடைக்கு ஒரு வேசையர் வீடு, பத்து வேசையர் வீட்டுக்கு ஓர் அரசன். எண்ணெய் ஆட்டும் உழைப்பாளியை இழித்த அந்த ஜாதிப் புத்தியை நாம் தள்ளிவிட வேண்டியதுதான். ஆனால் ஏணியின் உச்சியிலே அரசனைக் கொண்டுபோய் நிறுத்தியதில் ஒரு கூர்மை இருக்கிறது. கொடுப்பவன் எவ்வளவு பெரியவனோ அவ்வளவுக்குக் கொள்பவனின் வாய் கட்டுப்படும் என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தார்.

ஒரு தேசமே இந்தப் பிரதிக்கிரக விசாரத்தில் இறங்கியதை இங்கே காணலாம். எண்ணெய் வருவாயால் நோர்வே சேர்த்துவைத்திருக்கும் பெருநிதி, அறநெறிக் கட்டுப்பாட்டின்படி, புகையிலை உற்பத்தி செய்யும் 17 கம்பெனிகளைத் தன் முதலீட்டிலிருந்து விலக்கியதாக 2010 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. விற்ற பங்குகளின் மதிப்பு 1,400 கோடி குரோனருக்கு மேல். இந்நிதிக்கு ஆலோசனை சொல்லும் அறநெறிச் சபைக்கு 2015 முதல் சில ஆண்டுகள் தலைமை வகித்தவர் யூஹான் ஆண்ட்ரேசன். 1778இல் தொடங்கிய டீடமன்ஸ் என்னும் ஒஸ்லோப் புகையிலை ஆலையைத் தலைமுறைகளாக ஆண்ட குடும்பத்தின் வாரிசு அவர். புகையிலை வியாபாரத்திலிருந்து அக்குடும்பம் அதற்கு முன்பே விலகிவிட்டது. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வம்சத்தின் செல்வத்தைக் கேட்டு ஒருவரை விலக்கத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தான் எங்கே போய் ஒளிவான்? செம்மண்ணில் கிணறு வெட்டி, துலா மிதித்து நீர் இறைத்து, கெவர் முறித்து, வெட்டிய இலையைக் குடிலில் புகைபோட்டுத் திருவிதாங்கூருக்கு அனுப்பிய புகையிலைதான் அங்கே எத்தனையோ பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டியது, எத்தனையோ கோயில் மண்டபங்களுக்குக் கல் வாங்கியது. வக்கீலாகவும் வைத்தியராகவும் வந்த அந்தப் பிள்ளைகளில் எவரையும் புகையிலை நல்லது என்று எழுதித் தரும்படி அந்தத் தோட்டக்காரத் தகப்பன் கேட்கவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்பது பாவ புண்ணிய விசாரம். பணத்தோடு கேள்வியும் சேர்ந்து வந்ததா என்பதே பிரமாண விசாரம்.

தேநீரோடு திரும்பி வந்த பிள்ளையிடம் இந்தச் சாஸ்திரமெல்லாம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை வாங்கிப் பார். எதை ஆராய்வது என்று தீர்மானிப்பவர் யார், திரட்டிய தரவு யாருடைய கையில் இருக்கும், முடிவு பிடிக்காவிட்டால் வெளியீட்டை நிறுத்திவைக்க யாருக்கு உரிமை என்று மட்டும் வாசி என்றேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப எண்ணெய்க் காசு?" என்றாள். கெட்டிக்காரி. அவள் படிப்பதே எண்ணெய் கொழித்த அரசின் செலவில்.

வரியாகவும் அரசின் வருவாயாகவும் திறைசேரிக்குப் போய்ச் சேர்ந்த பணத்துக்குக் கொடுத்தவன் முகமில்லை. சிகரெட் மீது விதிக்கும் தீர்வையிலிருந்து புற்றுநோய் ஆய்வுக்குச் சம்பளம் போனாலும், அந்தத் தீர்வையைக் கட்டிய கம்பெனி ஆய்வாளனைத் தெரிந்தெடுக்கவில்லை, கேள்வியைத் தொடவில்லை, நன்றியை எதிர்பார்க்கவும் வழியில்லை. அது தானமே அன்று. ஆனால் எக்வினோர் என்னும் அரசுப் பெரும்பங்கு எண்ணெய்க் கம்பெனி இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு தன் பெயரிலேயே ஆராய்ச்சி ஒப்பந்தங்கள் செய்து பணம் கொடுத்துவருகிறது; பேர்கனில் மாணவர்கள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பியதும் உண்டு. அதற்கும் இதே மூன்று கேள்விகள்தான், பிலிப் மோரிசுக்கு ஒரு நியாயம், தாயகத்துக் கம்பெனிக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது என்றேன். அந்த ஒப்பந்தத்தைத் தனக்கு யார் காட்டுவார்கள் என்று அவள் கேட்டாள். 2009 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் தகவல் வெளிப்படைச் சட்டத்தின்படி, அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆவணத்தைப் பார்க்க இந்நாட்டில் எவரும் விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, பெயரைக் கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவளை அழைத்த கம்பெனி அச்சட்டத்துக்கு உட்பட்டதன்று. அங்கே கேட்டுத்தான் வாங்கவேண்டும். கேட்டு எழுதியிருக்கிறாள்.